காசு கைக்கு வராது தம்பி, ஆனால் உதவி உண்டு

தம்பி, நீங்கள் இலங்கை முகாமில் அடிபட்டு வந்து இங்கே அகதிக் கோரிக்கை போட்டிருக்கிறீர்கள். போர்க்குற்றங்களால் பாதிக்கப்பட்டவர்களுக்குக் கனடா அரசு காசு ஒதுக்கியிருக்கிறதாம், அதற்கு ஃபோர்ம் நிரப்பித் தர ஸ்காபரோவில் ஒருவர் 600 டொலர் கேட்கிறார், குடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே வாடகை, வேலை, குளிர் ஜக்கெட் என்று இன்னும் மூன்று கேள்வி. அந்த மூன்றையும் உங்கள் வீட்டுக்காரரே சொல்லித் தருவார். முதல் கேள்விக்கு மட்டும் விரிவாக எழுதுகிறேன்.

குடுக்க வேண்டாம். இலங்கை முகாமில் அடிபட்டதற்காக அகதிக் கோரிக்கையாளரின் கையில் காசு தருகிற திட்டம் கனடாவில் இல்லை. இல்லாத ஒன்றை அந்த ஆள் விற்கிறார். இருக்கிற பெயர்களைக் கலந்து சொல்வதால்தான் சனம் நம்புகிறது. ஒன்ராறியோவில் குற்றத்தால் காயப்பட்டவர்களுக்கான நட்டஈட்டுச் சபை ஒன்று இருந்தது. மாகாணத்துக்குள் நடந்த குற்றங்களுக்கு மட்டும். அதுவும் 2019 செப்டம்பரோடு புதிய விண்ணப்பம் எடுப்பதை நிறுத்திவிட்டது. சமஷ்டி அரசின் நிதி ஒன்று வெளிநாட்டில் வன்குற்றத்துக்கு ஆளான கனடியர்களுக்கு உதவும். நீங்கள் கனடியராவதற்கு முன் நடந்தது அதற்குள் வராது. ஹேக்கில் உள்ள சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தின் பாதிக்கப்பட்டோர் நிதி அரசுகள் விரும்பித் தருகிற காசில் நடக்கிறது. அங்கே தனியாள் நேரே விண்ணப்பித்துக் காசு எடுக்க முடியாது. அந்த நீதிமன்றத்தின் அதிகாரத்துக்குள் வந்த வழக்கு இருக்க வேண்டும். அந்த நீதிமன்றத்தை அமைத்த ரோம் சட்டத்தில் இலங்கை சேரவே இல்லை. உகண்டாக் கிளர்ச்சிப் படைத் தளபதி ஒங்வெனின் வழக்கில் 2024இல் இழப்பீடு தீர்ப்பானபோது ஆளுக்கு 750 யூரோ என்றுதான் வகுத்தார்கள்.

வழக்குப் போட்டு எடுக்கலாம் என்று யாராவது சொன்னால், 2014இல் கனடிய உச்ச நீதிமன்றம் தீர்த்த காஸெமி வழக்கைக் கேளுங்கள். ஈரானியச் சிறையில் வதைபட்டு 2003இல் இறந்த கனடியப் புகைப்படக்காரர் ஸஹ்ரா காஸெமியின் மகனால்கூட ஈரான் அரசின் மேல் வழக்கு நடத்த முடியவில்லை. அரசுகளுக்கு உள்ள சட்டப் பாதுகாப்பு அதைத் தடுத்தது.

அப்படியானால் காசு எங்கே போகிறது? சிகிச்சை நடுவங்களுக்கு. 1981இல் தொடங்கிய ஐ.நா. சித்திரவதை நிதியும் அப்படித்தான்: அரசுகள் போடுகின்றன, நடுவங்கள் எடுக்கின்றன, சேவை உங்களுக்கு வருகிறது. ரொறொன்ரோவில் 1977இலிருந்து இயங்கும் சித்திரவதைக்கு ஆளானோருக்கான கனடிய நடுவம், வன்கூவரில் வாஸ்ட், மொன்றியலில் ரிவோ என்று இப்படியான நடுவங்கள் உண்டு. ஒரு சதமும் கேட்க மாட்டார்கள். யாருடைய சிபாரிசும் வேண்டாம். நீங்களே போன் எடுத்து, தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முதலிலேயே சொல்லுங்கள். உங்கள் ஊர்க்காரர் வந்துவிடுவார் என்ற பயம் இருந்தால் அதையும் சொல்லுங்கள், வேறு ஆளைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. பெண்கள் பெண் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். நண்பரையோ மகனையோ கூட்டிக்கொண்டு போகாதீர்கள். பிள்ளைக்கு முன்னால் யாரும் முழுவதையும் சொல்வதில்லை, அரைகுறைக் கதைதான் பதிவாகும்.

இரண்டாவது வழி ஐ.எஃப்.எச்.பி., அதாவது அகதிகளுக்கான சமஷ்டி அரசின் மருத்துவக் காப்பீடு. அகதிக் கோரிக்கைப் பத்திரம், பழைய ஆட்கள் பிரவுன் பேப்பர் என்பது, கையில் இருந்தால் டொக்டர் செலவை அது கட்டும். மனநல ஆலோசனைக்கு டொக்டரின் கடிதமும் அந்தக் காப்பீட்டைக் கவனிக்கும் மெடாவி புளூ குரொஸ் நிறுவனத்தின் முன் அனுமதியும் வேண்டும். போவதற்கு முன் அந்தக் கிளினிக் ஐ.எஃப்.எச்.பி.யில் பதிந்ததா என்று கேளுங்கள். பதியாத இடத்தில் கைக்காசு கட்டினால் பிறகு யாரும் திருப்பித் தர மாட்டார்கள். 2026 மே முதல் மருந்துச் சீட்டு ஒன்றுக்கு 4 டொலரும், பல், கண், ஆலோசனை போன்றவற்றில் 30 வீதமும் நீங்கள் கட்ட வேண்டும். நடுவத்தின் இலவசச் சேவை இப்போது அதனால்தான் இன்னும் பெறுமதி.

சனம் கோட்டை விடுவது அகதிக் கோரிக்கைக்குக் குடுக்கிற மருத்துவ அறிக்கையில். குடும்ப டொக்டர் எழுதும் நாலு வரி, 'இவர் அடிபட்டதாகச் சொல்கிறார்' என்று இருந்தால், அதற்குக் கனம் குறைவு. சித்திரவதையைப் பதிவு செய்வதற்கான ஐ.நா. வழிகாட்டியான இஸ்தான்புல் நெறிமுறை தெரிந்த டொக்டர் ஒவ்வொரு தழும்பையும் அளந்து, நீங்கள் சொன்ன காரணத்தோடு அது எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்து படிகளில் எழுதுவார்: பொருந்தவில்லை, பொருந்துகிறது, மிகவும் பொருந்துகிறது, இப்படியான வதைக்கே வழக்கமானது, வேறு காரணம் இருக்க முடியாது. பழைய காயத்துக்கு நடுப்படி கிடைத்தாலே நல்லது. ஷொப்பிங் பையை முகத்தில் கட்டியதும் தண்ணீரில் அமுக்கியதும் தழும்பு விடாது. தழும்பு இல்லை என்பதால் நடக்கவில்லை என்று ஆகாது. நித்திரையின்மை, திடுக்கிடல், மறதி எல்லாம் அறிக்கையில் வர வேண்டும்.

அறிக்கைச் செலவுக்கு, வசதியில்லாதவர்களுக்குச் சட்ட உதவி தரும் லீகல் எய்டிடம் லோயர் முன்கூட்டியே கேட்க வேண்டும். செய்து முடித்துவிட்டு பில்லை நீட்டினால் சிக்கல். டொக்டரின் முறை வர மாதங்கள் ஆகும். ஹியரிங்குக்குக் குறைந்தது 10 நாளுக்கு முன் எல்லா ஆவணமும் கோரிக்கையைத் தீர்க்கிற அகதிச் சபையிடம் போய்ச் சேர வேண்டும். ஆகவே லோயர் பிடித்த முதல் கிழமையிலேயே இதைப் பேசுங்கள். டொக்டரிடம் 2008 மாசி என்றும் அகதிக் கோரிக்கை ஃபோர்மில் 2009 தை என்றும் சொன்னால் அதையே பிடித்துக் கேட்பார்கள். திகதி நினைவில்லை என்றால் நினைவில்லை என்றே சொல்லுங்கள். மறதியும் வதை விட்டுப்போன பாதிப்பின் பகுதிதான், அதை டொக்டரே எழுதுவார்.

இன்னொன்று. புலிகள் இயக்கம் கட்டாயமாகப் பிடித்துக்கொண்டு போயிருந்தால், பங்கர் வெட்டியிருந்தால், அதை லோயரிடம் மறைக்க வேண்டாம். கனடிய உச்ச நீதிமன்றத்தின் 2013 எஸொகோலா தீர்ப்புப்படி, குற்றத்துக்கு உடந்தை என்று அகதிப் பாதுகாப்பிலிருந்து ஒருவரை ஒதுக்க, அவர் விரும்பி, அறிந்து, கணிசமாக உதவியிருக்க வேண்டும். ஆனால் கனடா 2006இல் புலிகளைத் தடை செய்திருக்கிறது, உறுப்பினரா என்ற கேள்வி தனியாக எழும். அதை எப்படிச் சொல்வது என்று லோயர்தான் தீர்மானிக்க வேண்டும், கோப்பிக் கடையில் இருப்பவர்கள் அல்ல.

அந்தக் கோப்பிக் கடை ஆட்களில்தான் எனக்குக் கோபம். 'ஒரு நல்ல கதை எழுதித் தாறன்' என்று ஒரே கதையைப் பத்துப் பேருக்கு விற்றவர்கள் உண்டு. பத்தாவது ஆள் நிஜமாகவே வதைபட்டவர், அவரைச் சபை நம்பவில்லை. கவுன்சிலிங் போனால் விசர் என்று கதைப்பவர்களும் நம்மவர்தான். 1986 ஆவணியில் நியூஃபவுண்லாந்துக் கரையில் லைஃப்போட்டில் மிதந்த 155 தமிழ் அகதிகள் வந்த காலத்தில் போய்க் கதைக்கத் தமிழ் தெரிந்த ஆட்கள் அருமை. 2010இல் சன் சீ கப்பலில் 492 பேர் வந்தபோது தமிழில் உதவ நமக்குள் லோயர்கள், சமூகப் பணியாளர்கள் வளர்ந்திருந்தார்கள். 2012இல் அரசு ஐ.எஃப்.எச்.பி.யை வெட்டியபோது டொக்டர்களும் லோயர்களும் வழக்காடினார்கள். 2014இல் சமஷ்டி நீதிமன்றம் அந்த வெட்டைக் கொடுமை என்றது. 2016 சித்திரையில் முழுதும் திரும்பி வந்தது. அப்படிப் போராடிக் காத்த சேவை இருக்க, இல்லாத காசைத்தான் 600 டொலர் ஆள் விற்கிறார்.

திங்கட்கிழமை காலை நடுவத்துக்குப் போன் எடுங்கள். கோரிக்கைப் பத்திரத்தின் இலக்கம், லோயரின் பெயர், ஹியரிங் திகதி வந்திருந்தால் அது, மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.