தீக்காயமா? முதலில் தண்ணீர்க் குழாயைத் திறங்கள்!

கேள்வி: சூடான எண்ணெய் கையில் கொட்டிவிட்டால் சிலர் பற்பசை தடவச் சொல்கிறார்கள், சிலர் ஐஸ் வைக்கச் சொல்கிறார்கள். எது சரி?

பதில்: இரண்டுமே வேண்டாம். காயம்பட்ட இடத்தைக் குழாய்த் தண்ணீரில் முழுதாக 20 நிமிடம் காட்டுங்கள். எரிச்சல் கொஞ்சம் அடங்கியதும் இரண்டு மூன்று நிமிடத்திலேயே பலர் கையை எடுத்துவிடுகிறார்கள். அது போதாது. எண்ணெய் வழிந்து போன பிறகும் தோலுக்குள் தங்கிய சூடு அடுத்தடுத்த அடுக்குகளை வேகவைத்துக்கொண்டே இருக்கும். உடனே தண்ணீர் கிடைக்கவில்லையா? காயம்பட்ட 3 மணி நேரத்துக்குள் காட்டினாலும் பலன் உண்டு.

ஐஸ் ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். பாதி பிழைத்திருக்கும் தோலுக்கு ரத்தம் போகாவிட்டால் காயம் இன்னும் ஆழமாகும். பற்பசை, வெண்ணெய், மை, மாவு எதுவானாலும் கிருமி சேர வழிவிடும். காயத்தின் ஆழத்தைப் பார்க்க மருத்துவர் அதையெல்லாம் துடைத்தெடுக்க வேண்டியிருக்கும். அந்த வேதனையைத் தயவுசெய்து யாருக்கும் கொடுக்காதீர்கள்.

தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்போதே மோதிரம், வளையல், கைக்கடிகாரத்தைக் கழற்றிவிடுங்கள். வீக்கம் வந்தபின் அவை இறுகிப்போகும். துணி தோலோடு ஒட்டியிருந்தால் இழுக்காமல், சுற்றிலும் கத்தரித்து, ஒட்டிய பகுதியை அப்படியே விடுங்கள். குழந்தைகளுக்கு உடம்பு சீக்கிரம் சில்லிட்டுவிடும். காயத்தில் மட்டும் தண்ணீர் விட்டு, மற்ற இடங்களைப் போர்த்தி வையுங்கள்.

பிறகு, உணவுப் பொருளை மூடும் மெல்லிய பிளாஸ்டிக் தாளைக் காயத்தின்மேல் விரித்து வையுங்கள். சுருளின் முதல் சுற்றைக் கிழித்துப் போட்டுவிடுங்கள். கையையோ காலையோ சுற்றிக் கட்டக் கூடாது. வீங்கும்போது ரத்த ஓட்டம் தடைபடும். பஞ்சு வேண்டாம், நார் ஒட்டிக்கொள்ளும்.

கேள்வி: கொப்புளத்தை உடைத்து நீரை எடுத்துவிடலாமா?

பதில்: கூடாது. அந்தத் தோல்தான் கிருமியைத் தடுக்கும் மூடி.

கேள்வி: எப்போது மருத்துவமனைக்குப் போக வேண்டும்?

பதில்: காயம் அடிபட்டவரின் விரல்களும் சேர்ந்த உள்ளங்கை அளவைவிடப் பெரிதானால் போங்கள். அந்த அளவு உடல் பரப்பில் ஏறத்தாழ 1 சதவீதம். முகம், கை, பாதம், மூட்டு, பிறப்புறுப்பு ஆகிய இடங்களில் பட்டாலும், கையையோ காலையோ வளையம்போலச் சுற்றியிருந்தாலும், கைக்குழந்தை அல்லது முதியவர் என்றாலும் அளவு பார்க்க வேண்டாம்.

வலி இல்லையே என்று நிம்மதி அடையாதீர்கள். தோல் வெளுத்தோ கருகியோ தடித்துப்போய் உணர்ச்சியற்று இருந்தால் நரம்பு முனைகளே வெந்துவிட்டன என்று அர்த்தம். மூடிய அறைக்குள் புகையில் சிக்கியவருக்குக் குரல் கம்மினாலோ, மூக்கைச் சுற்றிக் கரி படிந்திருந்தாலோ மூச்சுக்குழல் வீங்கத் தொடங்கியிருக்கலாம். ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது.

கேள்வி: அமிலம், மின்சாரம் பட்டால்?

பதில்: உலர்ந்த பொடி என்றால் முதலில் தட்டிவிடுங்கள், சுண்ணாம்புத் தூள் போன்றவை தண்ணீர் பட்டதும் கொதிக்கும். திரவம் என்றால் நேராகத் தண்ணீர், 20 நிமிடத்துக்கும் மேல். மின்சாரம் என்றால் இணைப்பைத் துண்டிக்காமல் ஆளைத் தொடாதீர்கள். வெளியே ஒரு பொட்டளவு காயம்தான் தெரியும். உள்ளே தசை வெந்திருக்கலாம், இதயத் துடிப்பு தடுமாறலாம். நன்றாகப் பேசிக்கொண்டிருந்தாலும் இசிஜி எடுக்கக் கூட்டிச் செல்லுங்கள்.