வீட்டில் செய்யும் மீன் ஈட்டித் துப்பாக்கிக்கு ஒரே தேக்குக் கட்டை போதுமா, கார்பன் ஃபைபரும் வேண்டுமா?

ஒரே கட்டை வேண்டாம். பினாங்கு ஈரக்காற்றுக்கு அது மெல்ல முறுக்கிக்கொள்ளும், ஈட்டியும் குறி தவறும். தேக்கை மூன்று நான்கு பட்டைகளாக அறுத்து, மர ரேகை எதிரெதிராக வரும்படி நிற்கவைத்து எபாக்சி என்ற இருகலவைப் பசையால் ஒட்டுங்கள். ஒன்று வளையப் பார்த்தால் அடுத்தது பிடித்துக்கொள்ளும். தேக்கில் எண்ணெய்ப் பசை அதிகம். ஒட்டுவதற்குச் சற்று முன் அசிட்டோன் நனைத்த துணியால் துடையுங்கள். துணியில் பழுப்புக் கறை குறைந்த பிறகே பசை. இதில் அவசரமே கூடாது.

கார்பன் ஃபைபர் நீளமான துப்பாக்கிக்கு நல்லது. ஈட்டியைப் பாய்ச்சும் ரப்பர் பட்டையை இழுத்துப் பூட்டும்போது கட்டை வளைவதைக் குறைக்கும். பட்டைகளுக்கு நடுவே மெல்லிய அடுக்கு போதும் என்பேன். உப்புத்தாளால் தேய்க்கும்போது முகமூடி கட்டாயம்.

ஈட்டியை விடுவிக்கும் விசையை மட்டும் கடையில் வாங்குங்கள். அப்புறம், தண்ணீருக்கு வெளியே ரப்பரைப் பூட்டவே வேண்டாம். லங்காவிக்குத் தெற்கே உள்ள புலாவ் பாயார் கடல் பூங்காவில் மீன்பிடிக்கத் தடை.