அட்டையில் 2007 என்று இருந்தால் 2007-ல் அச்சான தட்டா?

கேள்வி: மகளுக்கு ரெக்கார்டு பிளேயர் வாங்கிக் கொடுத்தேன். அவளுக்கு உயிரான டாஃப்ட் பங்க் (இருவர் மட்டுமே கொண்ட பிரெஞ்சு எலக்ட்ரானிக் இசைக் குழு) குழுவின் 'அலைவ் 2007' எல்.பி. (பெரிய இசைத்தட்டு) ஒன்றை, "2007 ஒரிஜினல் முதல் அச்சு, சீல் பிரிக்காதது" என்று இணையத்தில் ஒருவர் 18,000 ரூபாய் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். முன்பணமும் கொடுக்காதீர்கள்.

2007 ஜூன் 14 அன்று பாரிஸ் பெர்சி அரங்கில் அந்த இருவரும் நடத்திய நிகழ்ச்சியின் நேரடிப் பதிவு இது. அந்த ஆண்டு நவம்பரில் சி.டி.யாக வந்தது. முறையான எல்.பி. வந்ததோ 2014-ல். அப்படியிருக்க, 2007-ல் அச்சான ஒரிஜினல் எல்.பி. எங்கிருந்து வரும்? யாரோ சி.டி.யிலிருந்து எடுத்துத் திருட்டுத்தனமாக அச்சிட்டதைத்தான் உங்கள் தலையில் கட்டப் பார்க்கிறார்.

தரகர்கள் பிழைப்பதே இந்த ஆண்டுக் குழப்பத்தில்தான். இதே குழுவின் 'அலைவ் 1997' இன்னும் மோசம். பர்மிங்ஹாம் கிளப் ஒன்றில் 1997 நவம்பரில் பதிவான அந்த 45 நிமிடம் கடைக்கு வந்ததே 2001-ல். "1997 அச்சு" என்று யாராவது சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துவிடுங்கள். தலைப்பில் இருப்பது நிகழ்ச்சி நடந்த ஆண்டு, தட்டு அச்சான ஆண்டல்ல.

"குழு 2021-ல் கலைந்துவிட்டது, இனி அச்சே வராது" என்று அவசரப்படுத்துவார்கள். அதையும் நம்பாதீர்கள். கலைந்த பிறகும் 2023-ல் இவர்களுடைய பழைய ஆல்பம் ஒன்று புதுப் பதிப்பாக வந்தது. எனக்கு ஆத்திரமெல்லாம் கம்பெனிகள் மீதும் விற்பனைத் தளங்கள் மீதும்தான். கேட்கிற ஆள் இருக்கும்போது தட்டு போடாமல் ஏழு வருடம் சும்மா இருந்தால் திருடன் போடத்தான் செய்வான். புகார் கொடுத்தால் தளத்திலிருந்து தானாக ஒரு பதில் மெயில் வரும். விளம்பரம் அப்படியே இருக்கும்.

இனி எந்தத் தட்டு வாங்கினாலும் ஒரு படம் கேளுங்கள். கடைசிப் பாட்டு முடியும் இடத்துக்கும் நடு லேபிளுக்கும் இடையே வழவழப்பான வளையம் ஒன்று இருக்கும். வெளிச்சத்தில் சாய்த்தால் அதில் கீறியது போல எழுத்தும் எண்ணும் தெரியும். அதை இசைத்தட்டுகளின் விவரங்களைத் தொகுத்து வைத்திருக்கும் டிஸ்காக்ஸ் தளத்தில் தட்டிப் பார்த்தால் எந்த ஆண்டு, எந்தப் பதிப்பு என்று வந்துவிடும். "சீல் பிரிக்க முடியாது" என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

ஒன்றை மட்டும் மகளிடம் நைசாகக் கேட்டுக்கொள்ளுங்கள்: 'என்கோர்' வேண்டுமா? ரசிகர்கள் விடாமல் கேட்டதும் திரும்ப வந்து வாசித்த கடைசிப் பகுதி அது. சாதாரண ஒற்றை சி.டி.யில் கிடையாது. 50 பக்கப் புகைப்படப் புத்தகத்தோடு வந்த இரண்டு சி.டி. பதிப்பில் இருக்கிறது. 2014-ல் வந்த எல்.பி. பெட்டிப் பதிப்பிலும் உண்டு. இது தெரியாமல் ஒற்றை சி.டி.யை வாங்கிக் கொடுத்துவிட்டு, பிள்ளை முகம் வாடியதைப் பார்த்தவர்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள். அதனால் அந்த இரண்டு சி.டி. பதிப்பின் பழைய பிரதி வாங்கும்போது "உள்ளே இரண்டு சி.டி.யும் இருக்கிறதா, புத்தகம் இருக்கிறதா" என்று எழுத்தில் கேட்டு, பதிலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.