“இனிமேல் இவன் உங்கள் பிள்ளை” என்றீர்களே, அது யார் காதில் விழுந்தது?

கேள்வி: நாங்கள் டெக்ஸாஸில் இருபது வருடங்களாக இருக்கிறோம். சொந்த ஊர் கரூர் பக்கம். ஒரே மகன், 19 வயது. நல்ல உயரம், நல்ல உடம்பு. பள்ளியிலிருந்தே ஃபுட்பால் பைத்தியம். நம் ஊர் கால்பந்து இல்லை. பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஒருவர்மேல் ஒருவர் மோதி ஓடும் அமெரிக்க ஆட்டம். காரில் நான்கு மணி நேரத் தூரத்தில் உள்ள ஒரு கல்லூரி அணியில் பாதி ஸ்காலர்ஷிப்போடு இடம் கிடைத்தது. சேர்த்துவிடப் போன அன்று என் கணவர் கோச்சின் கையைப் பிடித்துக்கொண்டு, “இனிமேல் இவன் உங்கள் பிள்ளை, எப்படி வேண்டுமானாலும் வளைத்துக்கொள்ளுங்கள்” என்றார். எல்லோரும் சிரித்தோம். முதல் வருடம் நன்றாகத்தான் போனது. போன மாதம் வெயிலில் ஓட்டப் பயிற்சியின்போது மயங்கி விழுந்திருக்கிறான். அவன் விழுந்ததற்குத் தண்டனையாக மற்ற பையன்களை மறுபடியும் ஓடவிட்டாராம் கோச். எடையைச் சொல்லி எல்லோர் முன்னாலும் அசிங்கமாகத் திட்டுகிறாராம். “அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதம்மா” என்கிறான். கணவரிடம் சாடையாகக் கேட்டால், “அடியாத மாடு படியாது. எங்க பி.டி. வாத்தியார் அடிக்காத அடியா?” என்கிறார். நான் தலையிட்டால் மகனுடைய இடம் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. இந்த ஆட்டத்தில் இதெல்லாம் சகஜம்தானா? பொறுத்துப் போகச் சொல்லட்டுமா, விட்டுவிட்டு வரச் சொல்லட்டுமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, டெக்ஸாஸ்

பதில்: அம்மா, இந்தக் கடிதத்தைப் படிக்கிற எவரும் பையன் மயங்கி விழுந்த இடத்தில்தான் பதறுவார்கள். நான் அதற்கு முன்னாலேயே நின்றுவிட்டேன். “இனிமேல் இவன் உங்கள் பிள்ளை” என்று உங்கள் வீட்டுக்காரர் சொன்னாராம். “எல்லோரும் சிரித்தோம்” என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள். அப்போது உங்கள் மகன் எங்கே நின்றுகொண்டிருந்தான்? பக்கத்தில்தானே? அவனும் சிரித்தானா?

“அப்பாகிட்ட சொல்லிடாதம்மா” என்பதற்கு வேறு காரணம் தேட வேண்டாம். தன்னை யாரிடம் ஒப்படைத்தார்களோ அந்த ஆளைப் பற்றி, ஒப்படைத்தவரிடமே போய் ஒரு பையன் என்னவென்று முறையிடுவான்? அப்பாவிடம் சொல்வதும் கோச்சிடம் சொல்வதும் ஒன்றுதான் என்று அவன் கணக்குப் போட்டிருக்கிறான். அந்தக் கணக்கு தப்பில்லை என்பதை உங்கள் கணவரே மாட்டுப் பழமொழி சொல்லிக் காட்டிவிட்டார்.

“கண்ணை மட்டும் விட்டுட்டு தோலை உரிச்சுடுங்க சார்” என்று வாத்தியாரிடம் பிள்ளையை விட்டுவந்த தலைமுறை நம்முடையது. அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறவர்களை எனக்கு எப்போதுமே பிடிக்காது. ஆனாலும் அந்த வாத்தியார் அடுத்த தெருவில் குடியிருந்தார். சாயங்காலம் அதே டீக்கடைக்கு வந்தாக வேண்டும். அடி கொஞ்சம் மீறினால் பையனின் பாட்டி அவர் வீட்டு வாசலில் போய் நின்று ஊரைக் கூட்டிவிடுவாள். உங்கள் மகனின் கோச்சுக்கு அப்படி எந்தப் பாட்டியும் இல்லை. அமெரிக்காவில் பல மாநிலங்களில் அரசுச் சம்பளப் பட்டியலின் உச்சியில் இருப்பவர் ஆளுநர் அல்ல, ஏதோ ஒரு பல்கலைக்கழகத்தின் ஃபுட்பால் கோச். சின்னக் கல்லூரிக் கோச்சுக்கும் கண் அந்த நாற்காலிமேல்தான். அவரை வேலையில் வைத்திருப்பது ஜெயிக்கும் ஆட்டங்கள். பையன்களின் உடம்பு அந்தக் கணக்கில் செலவுப் பக்கம்.

சகஜமா என்று கேட்டீர்கள். ஆமாம், சகஜம்தான். அதனால்தான் சொல்கிறேன், கேளுங்கள்.

மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் ஜோர்டான் மெக்நேர் என்று ஒரு பையன் இருந்தான். உங்கள் மகனைப் போலவே 19 வயது, அவனைப் போலவே பெரிய உடம்பு. 2018 மே 29 அன்று 110 கெஜ ஓட்டங்கள், ஒன்றன்பின் ஒன்றாகப் பத்து. நடுவிலேயே அவனால் நிமிர்ந்து நிற்க முடியவில்லை. வெப்பத் தாக்கு. அதற்கு வைத்தியம் கஷ்டமானதே இல்லை: ஆளைத் தூக்கி ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் போடுவது, அப்புறம் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது. அரை மணி நேரத்துக்குள் உடம்புச் சூட்டை இறக்கிவிட்டால் அநேகமாக எல்லோருமே பிழைத்துக்கொள்கிறார்கள். அவனைத் தொட்டியில் போடவில்லை. அறிகுறி தெரிந்ததிலிருந்து ஆம்புலன்ஸ் கிளம்புவதற்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. ஆஸ்பத்திரியில் கல்லீரல் மாற்று அறுவை வரை போய்ப் பார்த்தார்கள். ஜூன் 13 அன்று இறந்துபோனான்.

அதன்பிறகுதான் பத்திரிகைகள் கிளறின. அந்த அணியில் எடை கூடிய ஒரு பையனை உட்காரவைத்து, மற்றவர்கள் பயிற்சி செய்வதைப் பார்த்துக்கொண்டே மிட்டாயைத் தின்னவைத்தார்கள் என்று ஈ.எஸ்.பி.என். விளையாட்டுச் சேனல் செய்தி வெளியிட்டது. எடையைச் சொல்லித் திட்டுகிறார் என்று எழுதினீர்களே, அதனால் இதைச் சொல்கிறேன். பல்கலைக்கழகத் தலைவர் தங்கள் ஊழியர்கள் செய்த தவறுகளுக்குச் சட்டப்படியும் தார்மீகமாகவும் பொறுப்பேற்பதாகச் சொன்னார். விசாரணைக் குழு போட்டார்கள். நிறையப் பையன்கள் வாயைத் திறக்கப் பயந்ததால்தான் பிரச்சினைகள் புரையோடின என்று அந்தக் குழு எழுதியது. இவ்வளவுக்கும் பிறகு, விடுப்பில் வைத்திருந்த தலைமைக் கோச் டி.ஜே. டர்கினை அக்டோபர் 30 அன்று திரும்பவும் பொறுப்பில் உட்காரவைத்தார்கள். ஊரே கொதித்ததும் மறுநாள் நீக்கினார்கள். ஒரு நாள்தான், ஆனால் அந்த ஒரு நாள் எப்படி வந்தது என்று யோசித்துப் பாருங்கள். பையன் செத்து ஐந்து மாதம்கூட முழுசாக ஓடவில்லை.

இப்போது உங்கள் மகன் விழுந்ததற்கு வருவோம். அவனுக்காக மற்றவர்களை ஓடவிட்டார் என்கிறீர்கள். அது வெறும் கொடுமை என்று நினைத்திருப்பீர்கள். அதைவிட மோசம் அது. ஒருவன் விழுந்தால் எல்லோருக்கும் தண்டனை என்றால், அடுத்த தடவை தலை சுற்றும்போது உங்கள் மகன் சொல்லமாட்டான். பல்லைக் கடித்துக்கொண்டு ஓடுவான். பக்கத்தில் ஓடுகிறவனும் இவன் தடுமாறுவதைப் பார்த்துக் கையைத் தூக்கமாட்டான். இந்த நூற்றாண்டில் கல்லூரி ஃபுட்பாலில் மைதானத்தில் மோதிக்கொண்டு செத்தவர்களைவிட, இப்படிப் பயிற்சியில் வெயிலாலும் இதயத்தாலும் செத்தவர்கள்தான் அதிகம். ஹெல்மெட், பட்டை, கவசம் எல்லாம் போட்டுக்கொண்டு பயமுறுத்தும் ஆட்டம் அது. ஆனால் பையன்களைக் கொண்டுபோவது பெரும்பாலும் கூட்டமே இல்லாத ஒரு பயிற்சி நாள்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். 2011 ஜனவரியில் ஐயோவா பல்கலைக்கழகத்தில் விடுமுறை முடிந்து வந்த பையன்களை எடையைத் தூக்கிக்கொண்டு 100 தடவை உட்கார்ந்து எழவைத்தார்கள். 13 பேர் ஆஸ்பத்திரியில் படுத்தார்கள். தசை சிதைந்து ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைத் தாக்கும் நோய். சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போகும். பையன்கள் இதை அம்மாவிடம் சொல்ல வெட்கப்படுவார்கள், அதனால் நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள். அந்த நிறத்தைப் பார்த்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி, மறுநாள் காலை வரை காத்திருக்கக் கூடாது. அந்தப் பயிற்சியை நடத்தியவருக்குச் சில மாதங்களில் என்ன கிடைத்தது தெரியுமா? அந்த அணியின் தலைமைக் கோச் கையால், ஆண்டின் சிறந்த துணைக் கோச் விருது.

உங்கள் கணவருக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இந்தப் பக்கத்தை அவர் கையில் கொடுங்கள். டெக்ஸாஸ்காரர்கள் பெருமையாகச் சொல்லும் கதை ஒன்று அவர் காதிலும் விழுந்திருக்கும்: 1954இல் பேர் பிரையண்ட் என்ற கோச், டெக்ஸாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழக அணியை ஜங்ஷன் என்ற ஊருக்குக் கூட்டிப்போய், கொளுத்தும் வெயிலில் தண்ணீர்கூடக் கொடுக்காமல் பயிற்சி நடத்தினார். பாதிக்கும் மேற்பட்ட பையன்கள் ஓடியே போனார்கள். ஆண்மைக்கு இலக்கணமாக அதை இன்றும் சொல்கிறார்கள். அந்த வருடம் அந்த அணி ஆடியது 10 ஆட்டம், ஜெயித்தது ஒன்று. பின்னால் ஜெயித்தார்களே என்பார், ஜெயித்தார்கள்தான். தண்ணீர் கொடுத்திருந்தால் தோற்றிருப்பார்களா என்று கேளுங்கள். கரூர் பக்கம் என்றால் மாடு வளர்த்த குடும்பமாகத்தான் இருக்கும். உச்சி வெயிலில் ஓட்டிய மாட்டுக்குத் தண்ணி காட்டாமல் கட்டுத்தறியில் கட்டிய ஆள் உங்கள் வீட்டில் யாராவது உண்டா என்றும் கேளுங்கள். பி.டி. வாத்தியாரிடம் அடி வாங்கியும் அவர் நன்றாகத்தான் இருக்கிறார், சரி. அடி வாங்கியதால் நன்றாக இருக்கிறாரா, அடி வாங்கியும் தப்பித்தாரா என்று அவரே ராத்திரி படுத்துக்கொண்டு யோசிக்கட்டும்.

உங்களுக்கும் உண்டு. “சாடையாகக் கேட்டேன்” என்கிறீர்கள். பெற்ற பிள்ளை சுருண்டு விழுந்திருக்கிறான், இதில் சாடை என்ன சாடை? மகன் ரகசியம் கேட்டான், நீங்களும் கொடுத்துவிட்டீர்கள். இனி அந்த வீட்டில் அப்பா மட்டும் வெளி ஆள். உயிர் சம்பந்தப்பட்ட விஷயத்தில் பிள்ளை கேட்கிற ரகசியத்தைக் காப்பாற்றுவது பாசம் என்று நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். 18 வயதானால் அவன் தனி ஆள், அவன் வாழ்க்கை, நாம் யார் தலையிட என்று அங்கே பேசுவார்கள். எனக்கு அந்தப் பேச்சு ஏறாது. சம்பாதித்துத் தன் காலில் நிற்கும் வரை பிள்ளைக்குப் பின்னால் நிற்பது பெற்றவர்கள் கடமை. அதைக் கோச்சுக்கோ ஹாஸ்டலுக்கோ எழுதிக் கொடுக்க முடியாது, வேடிக்கைக்குக்கூட.

பொறுத்துப் போவதா, விட்டுவிட்டு வருவதா என்று இரண்டே வாசல் வைத்துக் கேட்டீர்கள். ஆட்டத்தை விடுவதா என்பதை அவன் முடிவு செய்யட்டும். அவனுக்கு அது உயிர் என்று உங்கள் கடிதமே சொல்கிறது. அந்தக் கல்லூரியை விடலாம். 2021க்கு முன்பு அணி மாறினால் ஒரு வருடம் ஆடாமல் உட்கார வேண்டும் என்ற கட்டுப்பாடு ஃபுட்பாலில் பெரும்பாலும் இருந்தது. இப்போது அது போய்விட்டது. பெயர் கொடுப்பதற்கென்று தேதிகள் உண்டு, அவற்றைத் தவறவிடாமல் மாறலாம். இடம் போய்விடுமோ என்ற உங்கள் பயத்தில் பாதி பழைய காலத்துப் பயம்.

அதற்கு முன்னால் முதல் வேலை டாக்டர். மயங்கி விழுந்தவனை கல்லூரி டாக்டர் பார்த்தாரா, பார்த்திருந்தாலும் சரி, வெளியில் ஒரு இதய டாக்டரிடம் காட்டுங்கள். அவர் எழுதிக் கொடுக்கும் வரை ஓடக் கூடாது. விளையாட்டில் முதல் பிரிவில் (டிவிஷன் 1) உள்ள கல்லூரிகளில் எப்போது களம் இறங்கலாம் என்று சொல்லும் அதிகாரம் டாக்டருக்கும், காயங்களைக் கவனிக்கும் டிரெயினருக்கும்தான், கோச்சுக்கு அதில் வாக்கு இல்லை என்பது விதி. உங்கள் மகனின் கல்லூரி எந்தப் பிரிவு, அங்கே என்ன நடைமுறை என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். மைதானத்தில் ஐஸ் தொட்டி இருக்கிறதா, பயிற்சி நாட்களில் அதில் தண்ணீரும் ஐஸும் நிரப்பி வைக்கிறார்களா என்றும் கேளுங்கள். கோச்சிடம் போய்க் கெஞ்ச வேண்டாம். விளையாட்டுத் துறை இயக்குநருக்கு, தேதி போட்டு, நடந்ததை மட்டும் நான்கு வரியில் மின்னஞ்சல் அனுப்புங்கள். மற்ற பையன்களை ஓடவிட்டதும் அதில் இருக்கட்டும். நாளைக்கு ஏதாவது ஆனால் கோர்ட் பார்த்துக்கொள்ளும் என்று மட்டும் நினைக்காதீர்கள். ஃபுளோரிடாவில் 2008இல் பல்கலைக்கழக ஃபுட்பால் பயிற்சியில் இறந்த எரெக் பிளாஞ்சரின் குடும்பத்துக்கு ஜூரி 10 மில்லியன் டாலர் தீர்ப்பளித்தது. பல்கலைக்கழகத்தின் விளையாட்டு அமைப்புக்கும் அரசுக்குரிய சட்டப் பாதுகாப்பு உண்டு என்று சொல்லி, மாநில உச்ச நீதிமன்றம் 2015இல் அதை 2 லட்சம் டாலராகச் சுருக்கிவிட்டது.

கடைசியாக ஒன்று. 18 தாண்டிய பிள்ளையின் மருத்துவ விவரத்தை அவன் சம்மதம் இல்லாமல் கல்லூரி பொதுவாக உங்களுக்குச் சொல்லாது. மயங்கி விழுந்த செய்தி கல்லூரியிலிருந்து வந்ததாக உங்கள் கடிதத்தில் இல்லை, அவன் சொல்லித்தான் தெரிந்திருக்கிறது. ஆகவே இந்த சனிக்கிழமை இரண்டு பேரும் காரை எடுங்கள். நான்கு மணி நேரம்தானே? மகனை வெளியில் கூட்டிப்போய் வயிறாரச் சாப்பிட வையுங்கள். அந்த மேஜையில் வைத்து உங்கள் கணவர், “அன்னைக்கு நான் சொன்னது தப்பு, நீ என் பிள்ளைதான், என்ன நடந்ததுன்னு எங்கிட்ட சொல்லு” என்று அவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அவருக்கு அது வாயில் வராது, தெரியும். வரும் வரை காபி சொல்லிக்கொண்டே உட்கார்ந்திருங்கள். அப்புறம் மருத்துவ விவரம் பெற்றோருக்குத் தரலாம் என்ற சம்மதப் படிவத்திலும், அவசரத்தில் அவனுக்காக நீங்கள் முடிவெடுக்கும் அதிகாரப் பத்திரத்திலும் கையெழுத்து வாங்குங்கள். அதிகாரப் பத்திரத்துக்குச் சாட்சிகளோ நோட்டரியோ தேவைப்படும், வெள்ளிக்கிழமையே ஏற்பாடு செய்துவிடுங்கள். இரண்டு பேர் பெயரும் இருக்கட்டும். அப்பா பெயர் முதலில்.