ரைஃபிள் ட்ரிக்கர் மாத்தப் போறீங்களா? கேட்டவங்களுக்கெல்லாம் பதில்

கேள்வி: அக்கா, பெரம்பூர்ல இருந்து கேக்குறேன். என்கிட்ட இருக்கிறது பிரேக் பேரல் (பேரலை மடக்கி லோட் பண்றது) ஏர் ரைஃபிள், ட்ரிக்கர் ரொம்ப இறுக்கம். வேற ட்ரிக்கர் போட்டா ஸ்கோர் ஏறுமா?

பதில்: தம்பி, எல்லாரும் ட்ரிக்கர் வெயிட், அதாவது இழுக்கத் தேவையான அழுத்தம், குறையணும்னுதான் கேக்குறாங்க, ஆனா குறி தப்புறதுக்குப் பெரிய காரணம் வெயிட் இல்ல, எப்ப விடும்னு தெரியாம இழுத்துக்கிட்டே இருக்கோம் பாருங்க, அந்த க்ரீப்தான். ரெண்டு ஸ்டேஜ் ட்ரிக்கர்ல முதல் ஸ்டேஜ் லேசா வந்து ஒரு இடத்துல நிக்கணும், அங்கேருந்து கொஞ்சம் அழுத்தினா டக்குனு விடணும். ஒவ்வொரு தடவையும் அதே இடம், அதே அழுத்தம். இது கிடைச்சா ஒரு கிலோ ட்ரிக்கர்லயும் நல்லா சுடலாம். அதனால முதல்ல இருக்கிற ஸ்க்ரூவை மேனுவல் பார்த்து கால் திருகு கால் திருகா அட்ஜஸ்ட் பண்ணுங்க, வாங்குறது அப்புறம்.

கேள்வி: சியரை (ட்ரிக்கர் இழுக்குற வரைக்கும் பிஸ்டனைப் பிடிச்சு வைக்கிற கொக்கி) நாமளே ராவி பாலிஷ் போட்டா லேசாகும்னு ஒரு வீடியோல பார்த்தேன் அக்கா, பண்ணலாமா?

பதில்: தயவுசெஞ்சு பண்ணாதீங்க. நிறைய சியர்ல மேல் தோல் மட்டும்தான் கடினப்படுத்தியிருப்பாங்க, அதை ராவிட்டா உள்ள மெத்து இரும்புதான், சீக்கிரம் தேஞ்சு தானா விட ஆரம்பிக்கும். பிரேக் பேரல்ல பெல்லட் போடுறப்போ சியர் நழுவுச்சுன்னா பேரல் படார்னு மேல வந்து அடிக்கும், விரல் நடுவுல இருந்தா போச்சு. ட்ரிக்கர்ல எந்த வேலை பண்ணாலும் சரி பண்ணலைனாலும் சரி, லோட் பண்றப்போ இன்னொரு கை பேரலை விடவே கூடாது. காலியா சுட்டும் பார்க்காதீங்க, பெல்லட் இல்லாம சுட்டா பிஸ்டன் முன்னாடி போய் மோதி சீல் கெட்டுடும்.

கேள்வி: மேடம், பொண்ணு எழும்பூர்ல ட்ரெயினிங் போறா. மேட்ச்ல ட்ரிக்கர் இவ்வளவு வெயிட் இருக்கணும்னு ரூல் இருக்கா?

பதில்: 10 மீட்டர் ஏர் ரைஃபிளுக்கு மினிமம் கிடையாதுங்க. ஏர் பிஸ்டலுக்குத்தான் 500 கிராம். மேட்ச் ரைஃபிள்ல 100 கிராம் பக்கம் வைக்கிறவங்க நிறைய பேர், ஆனா புதுசா கத்துக்கிற பிள்ளைக்கு அவ்வளவு லேசா வைக்காதீங்க, குறி செட் ஆகுறதுக்கு முன்னாடியே விட்டுடும், அப்புறம் ட்ரிக்கரைத் தொடவே பயப்படுவா. கோச்கிட்ட சொல்லி கொஞ்சம் கொஞ்சமா இறக்குங்க.

கேள்வி: டல்லாஸ்ல இருக்கிற மச்சான் ஏஆர்-15ன்னு ஒரு செமி ஆட்டோ ரைஃபிள் (சுட்டதும் அடுத்த குண்டு தானா லோட் ஆகுறது) வச்சிருக்கான், என்ன ட்ரிக்கர் வாங்கலாம்னு கேக்குறான்.

பதில்: இங்க அந்த மாதிரி செமி ஆட்டோ நமக்குக் கிடைக்காது, அங்க சட்டப்படி வச்சிருக்கார்னா சொல்றேன். துப்பாக்கியோடவே வர்ற கம்பெனி ட்ரிக்கர் சுமார் இரண்டரைல இருந்து நாலு கிலோ வரை இழுவை. கெய்ஸலி கம்பெனியோட எஸ்எஸ்ஏ ட்ரிக்கர் ரெண்டு ஸ்டேஜ், மொத்தம் நாலரை பவுண்ட், ரெண்டு கிலோ சுத்தி, அது போதும். இன்னும் லேசா போகணும்னு ஆசைப்பட வேணாம், செமி ஆட்டோல ஒவ்வொரு ஷாட்டுக்கும் போல்ட் (குண்டை உள்ள தள்ளி அடைக்கிற பாகம்) வேகமா வந்து அடைக்குது, அந்த அதிர்ச்சியிலயும் ஹேமர் (குண்டை வெடிக்க வைக்க அடிக்கிற பாகம்) நழுவாம பிடிபட்டே நிக்கணும், இல்லைனா ஒரு இழுப்புக்கு ரெண்டு குண்டு போயிடும். அங்க இருக்கிற கன்ஸ்மித்கிட்ட மாட்டச் சொல்லுங்க.

கேள்வி: திருவான்மியூர், கடல் காத்து. ட்ரிக்கருக்கு எண்ணெய் விடலாமா அக்கா?

பதில்: வெளி இரும்புக்கு மெல்லிசா துடைங்க. ட்ரிக்கருக்குள்ள ஊத்தாதீங்க, தூசி ஒட்டி பிசுபிசுன்னு ஆகி நீங்க பண்ண அட்ஜஸ்ட்மென்ட் எல்லாம் மாறிடும்.