கையால் சாயம் போட்ட நூல் விற்பதில் அப்படி என்ன சந்தோஷம்?

கடையில் மில் நூல் சல்லிசாகக் கிடைக்கும்போது வீட்டில் சாயம் போட்டு விற்பதில் என்ன சந்தோஷம் என்று கேட்டிருக்கிறீர்கள். தருமபுரி மாவட்டம் பாலக்கோட்டில் வீட்டுக் கொல்லைதான் என் பட்டறை. பெரும்பாலும் பருத்தி, கொஞ்சம் பட்டு, எல்லாமே செடிகொடிச் சாயம். வாங்குபவர்கள் குரோஷா போடுகிற, ஸ்வெட்டர் பின்னுகிற பெண்கள்.

எனக்குப் பெரிய சந்தோஷமே, நம்ம ஊரில் வீணாகப் போவதெல்லாம் நிறமாக மாறுவதுதான். ஆயுதபூஜை வரைக்கும் செண்டுமல்லிக்கு இருக்கிற மவுசு பூஜை முடிந்ததும் போய்விடும், ராயக்கோட்டைப் பக்கம் பறிப்புக் கூலிக்கே கட்டவில்லை என்று செடியிலேயே விட்டுவிடுவார்கள், சிலர் ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போவார்கள். அந்தப் பூவை நான் காசு கொடுத்தே வாங்கிக் காயவைத்து மூட்டை கட்டி வைத்துக்கொள்கிறேன். பருத்தி சும்மா சாயத்தைப் பிடிக்காது. முதலில் கடுக்காய்த் தண்ணீரில் ஊற வேண்டும், அடுத்தது படிகாரம், 100 கிராம் நூலுக்கு 15 கிராம் அளவுக்கு, அப்புறம்தான் பூ. அதே பானையில் துளி அன்னபேதி (இரும்பு உப்பு) சேர்த்தால் மஞ்சள் போய்ப் பாசிப்பச்சை வந்துவிடும். ஆனால் மஞ்சள் கிழங்கில் தோய்த்த நூலை நான் விற்பதில்லை. எவ்வளவு பளிச்சென்று இருந்தாலும் வெயில் பட்டால் வெளுத்துவிடும், காசு கொடுத்து வாங்குகிறவர்களுக்கு அதைத் தர மனசு வராது.

நீலச் சாயம் தருகிற அவுரி வேறு ரகம். வெல்லமும் சுண்ணாம்பும் போட்ட தொட்டி தயாரானதும் மேலே செம்பு நிறத்தில் ஒரு ஆடை படியும், கீழே தண்ணீர் மஞ்சள் கலந்த பச்சையாக இருக்கும், நீலத்தின் சுவடே தெரியாது. சிட்டத்தை (நூல் கட்டை) மெதுவாக முக்கி எடுத்தால் நூலும் அதே பச்சைதான். காற்றுப் பட்டதும் வெளி இழைகள் நீலமாக ஆரம்பிக்கும், விரலால் பிரித்துவிட்டால் உள்ளே இன்னும் பச்சையாக இருப்பது தெரியும், பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதுவும் மாறிவிடும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு இது அலுக்கவில்லை. உதவிக்கு வருகிற அக்காவும் கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு வந்து நிற்பார்.

பட்டுக்கு நாங்கள் எங்கேயும் அலைய வேண்டியதில்லை, தருமபுரியிலேயே பட்டுக்கூடு அங்காடி இருக்கிறது, நூல் எடுப்பவர்களும் இங்கேயே இருக்கிறார்கள். மஞ்சள் நிறப் பட்டுக்கூட்டில் எடுத்த நூலைச் சோப்புத் தண்ணீரில் கொதிக்கவிட்டால் பசை கரைந்து, கூட்டின் மஞ்சளும் அதோடு போய்விடும், எடையில் ஏறக்குறைய கால் பங்கு குறையும். அதற்கப்புறம் வருகிற பளபளப்பைப் பார்த்தால் குறைந்த எடைக்காக யாரும் வருத்தப்பட மாட்டார்கள்.

"போன தடவை வாங்கின அதே பச்சை வேணுங்க" என்று கேட்டு வருபவர்கள் உண்டு. அதே பச்சை வராதுங்க, கிட்டத்தட்ட வரும் என்று சொல்லிவிடுவேன். எங்கள் போர் தண்ணீரில் செண்டுமல்லி அழுத்தமாக ஏறும், பிடித்து வைத்த மழைத் தண்ணீரில் எலுமிச்சை மஞ்சளாக நிற்கும். ஒரு சால்வைக்கு வேண்டியதை ஒரே லாட்டில், அதாவது ஒரே தடவையில் சாயம் போட்டதில், வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொன்னால் முதலில் முகம் சுளிப்பார்கள். பிறகு அவர்களே "இந்த மழைக்கு என்ன கலர் போட்டீங்க?" என்று போன் செய்து கேட்பார்கள். மில் நூல் விற்றால் இந்தப் பேச்சே வராது.

நீங்களும் ஆரம்பிப்பதாக இருந்தால் அவுரியில் கை வைக்காதீர்கள், அது பழக நாளாகும். ஒரு பழைய எவர்சில்வர் குண்டானை இதற்கென்றே ஒதுக்கிவிட்டு வெங்காயத் தோல், மாதுளைத் தோல், செண்டுமல்லி மூன்றில் தொடங்குங்கள். படிகாரம் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும்.