பட்டன் பெரிதானால் பிடியும் பெரிதா?

கனமான ஜீப், பிக்கப், பெரிய எஸ்.யூ.வி. வண்டிகளில் ஆல் டெரெய்ன் (ஏ.டி.) டயர், அதாவது தாருக்கும் மண்பாதைக்கும் பொதுவான டயர் போட்டிருக்கும் வாசகர்கள் மழையை முன்னிட்டு அனுப்பிய கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்.

கேள்வி: என் வண்டி இரண்டேகால் டன். சாலை டயரைக் கழற்றிவிட்டு ஏ.டி. டயர் போட்டேன். காய்ந்த சாலையில் ஒரு குறையும் இல்லை. மழையில் திருப்பத்தில் மூக்கு நேராகப் போகப் பார்க்கிறது. இவ்வளவு கனத்தோடு அழுத்தும் வண்டி, இவ்வளவு முரட்டுப் பட்டன் (டயர்மேல் புடைத்திருக்கும் ரப்பர் கட்டைகள்), பிறகு ஏன் வழுக்குகிறது?

பதில்: டயரைச் சாலையில் அழுத்துவது கனம்தான். திருப்பத்தில் வண்டியை வெளியே தள்ளுவதும், பிரேக் போட்டால் நிற்கவிடாமல் முன்னே இழுப்பதும் அதே கனம்தான். ஒன்றை ஒன்று அடித்துவிடும். சரியாகச் சொன்னால் கனமான வண்டிக்குக் கொஞ்சம் நஷ்டமே. ரப்பரின் உராய்வுக் கெழு மாறாத எண் அல்ல. ஒரு டயர்மேல் சுமை ஏற ஏற அது இறங்கும். சுமை இரட்டிப்பானாலும் பிடி இரட்டிப்பாகாது.

இனி பட்டன். ஈரச்சாலையில் டயருக்கு இரண்டு வேலை. தேங்கிய நீரை ஒதுக்குவது முதல் வேலை. ஏ.டி. டயரில் பட்டன்களுக்கு நடுவே ஓடும் அகலமான காடிகள் அதை நன்றாகவே செய்யும். ஒதுக்கிய பிறகும் தார்மேல் மெல்லிய நீர்ப்படலம் ஒட்டியிருக்கும். அதை அறுத்துக்கொண்டு ரப்பர் சாலையின் சொரசொரப்பைத் தொடவேண்டும். இது இரண்டாவது வேலை. சாதாரண மழையில் நடக்கும் சறுக்கல் பெரும்பாலும் இங்கேதான். இந்த வேலையைச் செய்பவை பட்டன்மேல் கத்தியால் கீறியது போலிருக்கும் மெல்லிய வெட்டுகள். சைப் என்பார்கள். ஒவ்வொரு சைப்பின் விளிம்பும் கண்ணாடி வைப்பர் போல நீரை வழித்துவிடும். உங்கள் டயரின் ஒரு பட்டனைக் குனிந்து பாருங்கள். கட்டைவிரல் அகலப் பட்டனில் ஒரே ஒரு கீறல்தான் இருக்கிறது, அல்லது அதுவும் இல்லை என்றால், பாதிப் பதில் கிடைத்துவிட்டது.

மீதிப் பதில் ரப்பர் கலவையில் இருக்கிறது. நீர்ப்படலம் வந்ததும் ரப்பர் தாரோடு ஒட்டும் பிடி பெருமளவு போய்விடும். சாலையின் நுண்மேடுகள்மேல் ரப்பர் அமுங்கி, உடனே எழாமல் சற்றுத் தாமதித்து எழும்போது கிடைக்கும் பிடிதான் மிஞ்சுகிறது. சிலிக்கா அதிகமுள்ள கலவை இதில் கெட்டிக்காரன். 1990களின் தொடக்கத்திலிருந்து சாலை டயர்களில் சிலிக்கா பரவியதற்கு ஈரப்பிடியும் ஒரு காரணம். ஏ.டி. டயர் செய்பவருக்கோ கூர்ங்கல்லில் பட்டன் பிய்ந்து உதிரக் கூடாது என்பதுதான் முதல் கவலை. அதற்காகக் கலவையைத் தோல் மாதிரிக் கெட்டியாக்கும்போது ஈரப்பிடி குறைகிறது. போதாததற்கு, உயரமான தனித்தனிப் பட்டன்கள் திருப்பத்தில் பக்கவாட்டில் வளைந்து, தரையில் முழுதாகப் படியாமல் ஓரத்தில் மட்டும் நிற்கும்.

டயர் புதிது என்றால் முதல் 300 கிலோமீட்டர் வரை பொறுமையாக ஓட்டுங்கள். தொழிற்சாலையில் வார்ப்பு அச்சிலிருந்து டயரைக் கழற்றப் பூசும் வழுவழுப்பு மேலே இருக்கும். அதன் பிறகும் வழுக்கினால் அடுத்த பதிலைப் படியுங்கள்.

கேள்வி: டயரின் பக்கச்சுவரில் 80 பி.எஸ்.ஐ. என்று போட்டிருக்கிறது. நான் 65 வைக்கிறேன். காலி பிக்கப்பாக மழையில் போகும்போது பின்பக்கம் ஆடுகிறது. குறைக்கலாமா? எவ்வளவு?

பதில்: குறைக்கத்தான் வேண்டும். 80 என்பது லோட் ரேஞ்ச் ‘இ’ எனும் கனச்சுமை வகை டயர் தன் உச்சச் சுமையைத் தாங்கும்போது தேவைப்படும் காற்று. காலி பிக்கப்பின் பின் அச்சு அந்தச் சுமைக்குப் பக்கத்தில்கூட வராது. 65 பி.எஸ்.ஐ.யில் டயர் நடுவில் பிதுங்கி, நடு வரிசைப் பட்டன்கள் மட்டும் தரையைத் தொடும். தோள்பட்டைப் பட்டன்கள் சும்மா கூட வரும்.

அளவை இப்படிக் கண்டுபிடியுங்கள். முதலில், வண்டியை வழக்கமான சுமையோடு எடைமேடையில் ஏற்றி முன் அச்சையும் பின் அச்சையும் தனித்தனியாக எடைபோடுங்கள். காலி பிக்கப்பில் என்ஜின் இருக்கும் முன் அச்சுதான் பெரும்பாலும் கனமாக இருக்கும். அப்படியானால் முன்னே கூடுதல் காற்று, பின்னே குறைவு. ஒவ்வொரு டயர்மேலும் வரும் எடையை டயர் நிறுவனத்தின் சுமை–காற்றழுத்த அட்டவணையில் பாருங்கள். அதில் வரும் எண்தான் அடித்தளம். அதற்குக் கீழே சாலையில் போகவே கூடாது. எல்.டி. (லைட் டிரக்) வகை டயருக்கு அதே சுமைக்குச் சாதாரணக் கார் டயரைவிடக் கூடுதல் காற்று வேண்டும் என்பதால், வண்டியோடு வந்த கார் டயருக்காகக் கதவோரத்தில் ஒட்டியிருக்கும் பழைய காற்று எண்ணை அப்படியே வைப்பதும் தவறு.

அடுத்து சாக்பீஸ். காய்ந்த, சமமான தார்ச்சாலையில் ஒவ்வொரு டயரின் குறுக்கேயும் ஓரம் முதல் ஓரம் வரை தடிமனாகக் கோடு போட்டு, நூறு மீட்டர் நேராக ஓட்டி இறங்கிப் பாருங்கள். நடுவில் மட்டும் அழிந்திருந்தால் காற்று அதிகம். ஓரங்களில் மட்டும் அழிந்தால் குறைவு. இரண்டிரண்டு பி.எஸ்.ஐ.யாக மாற்றி, கோடு ஒரே சீராக அழியும் வரை செய்யுங்கள்.

சரிபார்க்க இன்னொரு வழியும் உண்டு. குளிர்ந்த டயரில் அளந்து, அரைமணி நேரம் நெடுஞ்சாலை வேகத்தில் ஓட்டி மறுபடி அளங்கள். எல்.டி. டயரில் சுமார் 6, சாதாரண வகையில் சுமார் 4 பி.எஸ்.ஐ. ஏறினால் சரி. அதற்குமேல் ஏறினால் டயர் அதிகமாக வளைந்து சூடாகிறது, காற்று போதவில்லை. இதை மழை நாளில் செய்யாதீர்கள். தண்ணீர் டயரைக் குளிர்வித்துக் கணக்கைக் கெடுத்துவிடும்.

‘மழைக்கு இன்னும் இறக்கினால் நல்லது’ என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பட்டன் வழியே வடியாத அளவு நீர் தேங்கிய இடத்தில் டயர் மிதக்கத் தொடங்கும் வேகத்துக்கு நாசா ஆய்விலிருந்து வந்த பழைய கணக்கு ஒன்று உண்டு. பி.எஸ்.ஐ.யின் வர்க்கமூலத்தை 16.65ஆல் பெருக்கினால் கிலோமீட்டரில் வேகம் வரும். 50 பி.எஸ்.ஐ.க்கு 118, 35க்கு 99, 18க்கு வெறும் 71. தோராயம்தான், ஆனாலும் காற்று இறங்க இறங்க மிதக்கும் வேகமும் இறங்குகிறது என்பது மாறாது.

கேள்வி: மழையில் ஃபோர் வீல் போட்டு ஓட்டினால் பாதுகாப்பா?

பதில்: பிரேக்குக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. நான்கு சக்கரத்திலும் பிரேக் ஏற்கெனவே இருக்கிறது. முன் அச்சும் பின் அச்சும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் நடு டிஃபரென்ஷியல் உள்ள முழுநேர ஃபோர் வீல் என்றால், வேகமெடுக்கும்போது உதவும். அது இல்லாத பகுதிநேர ஃபோர் வீலில் முன் அச்சும் பின் அச்சும் ஒன்றாகப் பூட்டப்படும். திருப்பத்தில் முன் சக்கரங்கள் அதிக தூரம் சுற்ற வேண்டியிருக்கும், ஆனால் பூட்டு விடாது. ஏதோ ஒரு டயர் வழுக்கித்தான் அந்த வித்தியாசத்தைத் தீர்க்கும். தார்ச்சாலையில் வேண்டாம். இரண்டு பின் சக்கரத்தையும் ஒன்றாகப் பூட்டும் பின் டிஃப் லாக்கை நினைக்கவே வேண்டாம். இரண்டு பின் சக்கரமும் ஒரே நொடியில் பிடி விட்டால் வண்டியின் வால் பக்கவாட்டில் போய்விடும்.

கேள்வி: இன்னும் 5 மில்லிமீட்டர் பட்டன் இருக்கிறது. சட்ட வரம்பு பல நாடுகளில் 1.6தானே? ஆனால் இந்த மழையில் பிடி பாதியாகிவிட்டது போலிருக்கிறது.

பதில்: உங்கள் உணர்வு சரி. பல ஏ.டி. டயர்களில் சைப் பட்டனின் அடிவரை போவதில்லை. பாதி ஆழத்திலேயே முடிந்துவிடும். பாதி தேய்ந்ததும் வெட்டுகள் மறைந்து, மொழுமொழுவென்ற ரப்பர் கட்டை மட்டும் மிஞ்சும். காடி இருக்கும், வைப்பர் இருக்காது. ஆழமானியோடு நின்றுவிடாமல் ஒரு விசிட்டிங் கார்டின் முனையை சைப்பில் செருகிப் பாருங்கள். இறங்கவில்லை என்றால் அந்த டயர் மழைக்கு ஓய்வு பெற்றுவிட்டது. மண்பாதைக்கு வேண்டுமானால் இன்னும் உழைக்கும்.

பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கத் தேதியையும் பாருங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். வயதாக ஆக ரப்பர் இறுகும். கட்டை நன்றாக இருந்தும் வழுக்குவதற்கு இதுவும் காரணம். இரண்டே டயர் மாற்றுவதானால் புதியவை பின்னே. பழையது பின்னே இருந்தால் ஈரத்தில் வண்டி சுழலும், மீட்பது கடினம்.

கேள்வி: கடையில் கத்தியால் சைப் போட்டுத் தருகிறோம் என்கிறார்கள். போடலாமா?

பதில்: வேண்டாம். கல்லில் ஓடும்போது அந்த வெட்டிலிருந்துதான் பட்டன் பிய்யத் தொடங்கும். ஆழம் ஒரு மில்லிமீட்டர் தவறினால் உள்ளே எஃகுப் பட்டை.

கேள்வி: வாங்கும்போது எந்தக் குறியைப் பார்ப்பது? எம் பிளஸ் எஸ் (சேறு, பனி) இருந்தால் போதுமா?

பதில்: போதாது. அது பட்டன் அமைப்பைப் பற்றித் தயாரிப்பாளரே போட்டுக்கொள்வது. மூன்று சிகர மலைக்குள் பனிப்படிகம் போட்ட குறிக்குப் பனிச் சோதனை உண்டு, மழைச் சோதனை இல்லை. ஆனாலும் அந்தக் குறி பெற்ற ஏ.டி. டயரில் பொதுவாக சைப் அதிகம் இருக்கும் என்பதால், இரண்டில் ஒன்றைத் தேர்வதானால் அதை எடுப்பேன்.

ஈரப்பிடியையே சொல்வது ஐரோப்பிய ஒன்றியத்தின் டயர் லேபிள். 2021 மே முதல் ‘ஏ’யிலிருந்து ‘இ’ வரை ஐந்து தரம். சோதனை சுமார் ஒரு மில்லிமீட்டர் நீரில், புது டயரோடு நடப்பது. எனவே ஆழ்நீரில் மிதப்பதைப் பற்றியோ, தேய்ந்த பிறகு என்ன ஆகும் என்பதைப் பற்றியோ அது பேசாது. பி.ஓ.ஆர். என்று பொறித்திருந்தால் எச்சரிக்கை. தொழில்முறைக் காட்டுப்பாதை டயர் என்று பொருள். இவற்றுக்கு இந்த லேபிளே கிடையாது. 11 மில்லிமீட்டருக்குக் குறையாத ஆழம், 35 சதவீதத்துக்குக் குறையாத காடி, 160 கிலோமீட்டருக்கு மிகாத வேக வரம்பு என்பவை இந்தப் பெயர் பெற சிறிய வண்டி டயர்களுக்கான நிபந்தனை. தினமும் தாரில் ஓடும் வண்டிக்கு இது வேண்டாம்.

கேள்வி: 265/65 ஆர் 17 இருந்த இடத்தில் 285/70 ஆர் 17 போட்டேன். மழையில் பிரேக் தூரம் கூடியது போல் தோன்றுகிறது.

பதில்: விட்டம் 776 மில்லிமீட்டரிலிருந்து 831 ஆகிவிட்டது, 7 சதவீதம். ஸ்பீடோமீட்டர் முன்பு சரியாகக் காட்டியிருந்தால், இப்போது 80 காட்டும்போது ஓடுவது 85, 86. பிரேக் தூரம் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும், ஆக இதற்கே 14 சதவீதம் போச்சு. டயர் அகலம் கூடியதால் ஒதுக்க வேண்டிய நீரும் கூடும். ஸ்பீடோமீட்டரை டயர் அளவுக்கு ஏற்பத் திருத்தி வையுங்கள்.

கேள்வி: சேற்றிலிருந்து ஏறி வந்ததும் ஈரத் தாரில் முதல் பிரேக்கே வழுக்குகிறது.

பதில்: காடி முழுக்கச் சேறு அடைத்திருக்கிறது. அப்போது அது பட்டன் டயரே அல்ல, மொட்டை டயர். ஏறியதும் ஓரம் கட்டி, குச்சியால் நடு வரிசைக் காடிகளை நோண்டிவிடுங்கள், இடுக்கில் மாட்டிய கல்லையும் சேர்த்து. சேற்றுக்காக இறக்கிய காற்றை அங்கேயே ஏற்றுங்கள். கம்ப்ரஸர் இல்லையென்றால் காற்றடிக்கும் இடம் வரை 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்ட வேண்டாம். ஆள் இல்லாத நேர்ச்சாலையில் இரண்டு முறை மெதுவாகப் பிரேக் அழுத்திப் பாருங்கள், டிஸ்க்கில் அப்பிய சேறும் போகும்.